தட்டம்மை வைரஸ் உள்ள வர்ற கதவு எது, வெளிய போற கதவு எது?

கேள்வி: தட்டம்மை காத்துல பரவுது, இருமல் சளியெல்லாம் வருது. அப்போ மூக்கு, மூச்சுக்குழாய் உள்பக்கச் செல்லுலதான் முதல்ல ஒட்டும், அங்கயே பெருகிட்டு அப்புறம் ரத்தத்துக்குள்ள போகும், சரிதானே? செல்லு மேல வைரஸ் புடிச்சுக்கிற புரோட்டீன், அதாவது ரிசப்டர், சிடி46னு படிச்சிருக்கேன். அது எல்லா செல்லுலயும் இருக்கறதாலதான் உடம்பு பூரா பரவுதுன்னு நினைக்கிறேன்.

மார்ச் 4

இல்லைங்க. இதுல ரெண்டு விஷயம் தலைகீழா இருக்கு. உங்களைக் குத்தம் சொல்ல முடியாது, பழைய பாடப்புத்தகத்துல அப்படித்தான் இருக்கும், நானும் அப்படித்தான் படிச்சேன்.

முதல் விஷயம், மூச்சுக்குழாயோட உள்பூச்சு செல்லு இருக்குல்ல, அதோட காத்துப்பக்கம் இந்த வைரஸ் புடிச்சுக்க எதுவும் இல்ல. காத்தோட உள்ள போற வைரஸை எடுத்துக்கிறது நுரையீரல் காத்துப்பையில ரோந்து சுத்துற மேக்ரோஃபேஜும், பக்கத்துல இருக்கிற டென்ட்ரிட்டிக் செல்லும். அதாவது கிருமியைப் புடிக்கணும்னே இருக்கிற காவல் செல்லுங்க. அந்த செல்லு மேல சிடி150னு ஒரு புரோட்டீன் இருக்கு, ஸ்லாம்னும் சொல்வாங்க, அதைத்தான் வைரஸ் புடிக்குது. அந்தக் காவல்காரன் புடிச்ச கிருமியைக் காட்டுறதுக்காக நெறி கட்டுற எடத்துக்கு, நிணநீர் முடிச்சுக்குப் போவான், வைரஸும் கூடவே போகும், அங்க போனா ஸ்லாம் இருக்கிற பி செல், டி செல்ங்கிற எதிர்ப்பு வெள்ளணுங்க கூட்டம் கூட்டமா இருக்கு. அங்கதான் பெருகுது. அங்கிருந்து ரத்தம், மண்ணீரல், டான்சில்னு எல்லா எடமும்.

மூச்சுக்குழாய்க்கு அது திரும்பி வர்றது கடைசியில. அதுவும் ரத்தப்பக்கமா, செல்லோட அடியிலேர்ந்து. அந்தச் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கிற பக்கவாட்டுல நெக்டின்-4னு ஒரு புரோட்டீன் இருக்கு, அதைப் புடிச்சு உள்ள போய், மேல்பக்கமா காத்துல வெளிய வருது. அதனால நீங்க நுழைவாசல்னு சொன்ன எடம் அதுக்கு வெளிய போற வாசல்.

சிடி46 லேப்ல வளர்ந்த வைரஸால வந்த குழப்பம். அதை விட்டுடுங்க.

மார்ச் 4, ராத்திரி

சரியான செல்லை வைரஸ் எப்படி அடையாளம் கண்டுக்குதுன்னும் கேட்டிருந்தீங்க, அதைச் சொல்லாம விட்டுட்டேன்.

வைரஸோட வெளித்தோல் கொழுப்புப்படலம், நம்ம செல்லுகிட்ட திருடினது. அதுல ரெண்டு வகை முள்ளு. ஒண்ணு ஹெச், இன்னொண்ணு எஃப். வைரஸ்கிட்ட மொத்தமே ஆறு ஜீன்தான், ஆர்என்ஏ நீளம் பதினாறாயிரம் எழுத்துக்குக் கொஞ்சம் கம்மி, அந்த ஆறுல ரெண்டை இந்தக் கதவு வேலைக்கே ஒதுக்கியிருக்கு.

ஹெச் தான் தொட்டுப் பாக்குற கை. நீளமா ஒரு காம்பு, நுனியில ஒரு தலை. 2007ல அந்தத் தலையோட வடிவத்தை எக்ஸ்ரே வெச்சுப் பாத்தாங்க, ஆறு இறக்கை இருக்கிற காத்தாடி மாதிரி இருக்கு. இன்ஃப்ளூயன்சா மாதிரி வைரஸெல்லாம் செல்லு மேல இருக்கிற சியாலிக் அமிலம்ங்கிற சர்க்கரையைப் புடிக்கும், அது எல்லா எடத்துலயும் கிடைக்கும். தட்டம்மை சர்க்கரையைச் சீண்டாது. நேரா புரோட்டீனையே புடிக்குது, அதனால அதுக்கு எந்த செல்லுன்னு ஒரு தெரிவு இருக்கு.

எஃப் தான் கதவைத் திறக்கிற ஆள். மூணு மூணா சேர்ந்து நிக்கும். செல்லுக்குள்ள உருவாகும்போதே ஃப்யூரின்ங்கிற நம்ம என்சைம் அதை ஒரு எடத்துல வெட்டிவிடும். அந்த வெட்டு விழலேன்னா எஃப் வேலை செய்யாது. வெட்டு விழுந்தா அமுக்கி வெச்ச ஸ்ப்ரிங் மாதிரி காத்துக்கிட்டு இருக்கும். ஹெச்சோட தலை ஸ்லாமையோ நெக்டினையோ புடிச்ச உடனே காம்புல ஒரு அசைவு, அது எஃப்புக்குப் போய், ஸ்ப்ரிங் விட்டுக்கும். நீண்டு போய் ஒரு முனை நம்ம செல்லுப் படலத்துல குத்தும், அப்புறம் ரெண்டா மடங்கி ரெண்டு படலத்தையும் இழுத்து ஒட்ட வெச்சுடும். ஒரு தடவை விட்டுக்கிட்டா மறுபடி அமுக்க முடியாது. அதனால சரியான கதவு முன்னால வர்ற வரைக்கும் விட்டுக்கவே கூடாது, அதுக்குத்தான் ரெண்டு புரோட்டீன், ஒண்ணு பாக்குறதுக்கு ஒண்ணு உடைக்கிறதுக்கு. இன்ஃப்ளூயன்சாவுல ரெண்டு வேலையும் ஒரே புரோட்டீன் பாக்குது, அதுக்கு செல்லுக்குள்ள பை மாதிரி எடத்துல புளிப்புத்தன்மை வேணும். தட்டம்மைக்குப் புளிப்பு வேண்டாம், செல்லோட வெளிப்படலத்துலயே கலந்துடுது. இந்த 'வெளிப்படலத்துலயே'ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வருது.

மார்ச் 5

மேல சிடி46 பத்தி 'அதை விட்டுடுங்க'ன்னு எழுதினேன். அது தப்பு, திருத்திக்கிறேன். இங்க படிக்கிறவங்கள்ல யாராவது தடுப்பூசி பத்தி யோசிச்சா அது முக்கியம்.

தடுப்பூசி வைரஸ் நெசமாவே சிடி46 வழியாவும் உள்ள போகும். 1954ல எண்டர்ஸும் பீபிள்ஸும் டேவிட் எட்மன்ஸ்டன்ங்கிற 13 வயசுப் பையனோட ரத்தத்துலேர்ந்து எடுத்த வைரஸ் அது, அவன் பேர்தான் அந்த வகைக்கு. அதை மனுஷ சிறுநீரகச் செல்லு, பனிக்குடச் செல்லு, கோழிக்கருன்னு மாத்தி மாத்தி வளர்த்தாங்க. ஃபிளாஸ்க்குல ஸ்லாம் கிடையாது. இருக்கிற கதவைப் புடிச்சாத்தான் பொழைக்கலாம்னு ஆனப்போ சிடி46ஐப் புடிக்கத் தெரிஞ்ச வைரஸ் ஜெயிச்சுது. ஹெச்சுல 481ஆவது எடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம், அஸ்பராஜின் போய் டைரோசின் வந்தா, கிட்டத்தட்ட அதுவே போதும். ஸ்லாமைப் புடிக்கிற திறமையும் அதுகிட்ட அப்படியே இருக்கு, சிடி46 மேல ஒரு கதவு அவ்வளவுதான்.

இன்னொரு திருத்தம், எல்லா செல்லுலயும் சிடி46 இருக்குன்னு நீங்க சொன்னது கிட்டத்தட்ட சரி. மனுஷ சிவப்பணுவுல மட்டும் இல்ல. பல குரங்கு வகையோட சிவப்பணுவுல இருக்கு. அதனாலதான் தடுப்பூசி வைரஸைக் குரங்கு ரத்தத்துல கலந்தா திரிதிரியா ஒட்டிக்கும், ஹெச்சுக்கு ஹீமக்ளூட்டினின், அதாவது ரத்த அணுவை ஒட்ட வைக்கிறதுன்னு பேர் வந்ததே அதனாலதான். நோயாளிகிட்டேர்ந்து நேரா எடுத்த வைரஸ் பொதுவா அப்படி ஒட்டாது. பேர் வெச்சதே லேப் வைரஸைப் பாத்துதான்னு புரிஞ்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மார்ச் 6

இதுல எனக்குச் சொந்த அனுபவம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம இருக்க முடியல. நான் ஒரு லேப்ல வேலை பாத்தப்போ நோயாளிங்களோட தொண்டை ஸ்வாப் வரும், அதை வெரோ செல்லுல போடுவோம். வெரோன்னா குரங்கு சிறுநீரகச் செல்லு, வைரஸ் வளர்க்கிற எடத்துலெல்லாம் அதுதான் இருக்கும். தினமும் மைக்ரோஸ்கோப்புல பாப்பேன். செல்லெல்லாம் நல்லா இருக்கும். ஒரு வாரம், பத்து நாள், மேல இருக்கிற திரவத்தை எடுத்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாத்திப் பாப்போம், அப்பவும் ஒண்ணும் இருக்காது. ரிப்போர்ட்ல 'வைரஸ் கிடைக்கவில்லை'ன்னு போகும். உடம்பு பூரா தடிப்போட இருந்த குழந்தையோட சாம்பிளுக்கு அப்படி எழுதினதுல என் கையெழுத்தும் இருக்கு.

அப்புறம் மனுஷ ஸ்லாம் ஜீனைப் போட்ட வெரோ செல்லு வந்துச்சு. ஃப்ரீசர்ல மிச்சம் இருந்த அதே சாம்பிள்ல சிலதை எடுத்துப் போட்டோம். மூணாவது நாள். நான் ஃபிளாஸ்க்கை மேடையில வெச்சு ஃபோகஸ் பண்றேன், வரிசையா பாய் முடைஞ்ச மாதிரி இருக்கிற செல்லுக்கு நடுவுல ஒரு எடத்துல கோடெல்லாம் அழிஞ்சு போயிருக்கு. ஒரு பெரிய திட்டு, அதுக்குள்ள நியூக்ளியஸ் மட்டும் குவிஞ்சு திராட்சைக்கொத்து மாதிரி. எண்ண ஆரம்பிச்சேன், நாப்பதுக்கு மேல விட்டுட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா அந்தத் திட்டு பக்கத்து செல்லையும் இழுத்துக்கிட்டு இன்னும் பெருசாகி, நடுவுல கிழிஞ்சு ஓட்டை விழ ஆரம்பிச்சிருக்கு. வைரஸ் முதல் நாள்லேர்ந்தே சாம்பிள்ல இருந்திருக்கு. நாங்க குடுத்த செல்லுல அதுக்குக் கதவு இல்ல. அவ்வளவுதான். அந்த ரிப்போர்ட்டுங்களைத் திருத்தி அனுப்பணும்னு கேட்டேன், மேல இருந்தவங்க வேண்டாம்னுட்டாங்க. இன்னைக்கும் அது உறுத்துது.

இதே கதைதான் பெரிய அளவுலயும் நடந்திருக்கு. 1990லயே ஜப்பான்ல கோபுனே குழு, மார்மோசெட் குரங்கோட பி செல்லுலேர்ந்து வந்த பி95ஏங்கிற செல்லுல போட்டா நோயாளி வைரஸ் சட்டுனு வளருதுன்னு காட்டிட்டாங்க. அப்படி எடுத்த வைரஸ்தான் குரங்குக்கு நோய் உண்டாக்குது, வெரோவுல பழகினது மங்கிப்போகுதுன்னும் சொன்னாங்க. ஆனா 1993ல பிரான்ஸ்ல ஒரு குழு, கனடாவுல ஒரு குழு, ரெண்டு பேரும் சிடி46ஐக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு வேலையும் அருமை, ஆனா ரெண்டுமே எட்மன்ஸ்டன் வழி வைரஸை வெச்சுப் பண்ணினது. அப்புறம் ஏழு வருஷம் தட்டம்மை ரிசப்டர்னா சிடி46தான். 2000ல க்யூஷு பல்கலைக்கழகத்துல யூசுகே யனாகி குழு, அந்த பி95ஏ செல்லோட ஜீனையெல்லாம் வேற செல்லுல ஒண்ணொண்ணா போட்டுச் சலிச்சு ஸ்லாமைப் புடிச்சாங்க. பதில் பத்து வருஷமா அந்த ஃபிளாஸ்க்குலயே இருந்திருக்கு.

மார்ச் 8

'மூச்சுக்குழாய் வெளிய போற வாசல்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க, ரெண்டு பக்கமும் போகலாமே'ன்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி.

எனக்கு ரொம்பப் புடிச்ச பரிசோதனை 2008ல வந்தது. அப்போ நெக்டின்-4 தான் தட்டம்மையோட கதவுன்னு யாருக்கும் தெரியாது, உள்பூச்சு செல்லுல ஏதோ ஒரு ரிசப்டர் இருக்குன்னு மட்டும் தெரியும். ராபர்ட்டோ கட்டானியோ குழு ஹெச்சுல மாத்தம் பண்ணி, ஸ்லாம் மட்டும் கண்ணுக்குத் தெரியும், அந்த இன்னொண்ணு தெரியாதுங்கிற மாதிரி ஒரு வைரஸ் செஞ்சாங்க. அதைக் குரங்கு மூக்குல விட்டாங்க. நீங்க சொல்ற மாதிரி உள்பூச்சுல பெருகித்தான் உள்ள போகணும்னா இந்த வைரஸ் வாசல்லயே நின்னிருக்கணும். ஆனா குரங்குக்கு நோய் வந்துச்சு, ரத்தத்துல வைரஸ் பரவுச்சு. என்ன நடக்கலேன்னா, மூச்சுப்பாதையில வைரஸ் வெளிய வரல.

அதுக்கு முன்னால 2007ல நெதர்லாந்துல ரிக் டி ஸ்வார்ட் குழு பச்சையா ஒளிர்ற புரோட்டீனைத் தட்டம்மை வைரஸுக்குள்ள வெச்சுக் குரங்குக்குக் குடுத்துப் பாத்தாங்க. டான்சில், நிணநீர் முடிச்சுங்கதான் பச்சையா மின்னுச்சு. மின்னினது பெரும்பாலும் ஸ்லாம் இருக்கிற லிம்ஃபோசைட்டும் (பி, டி செல்லுங்க) டென்ட்ரிட்டிக் செல்லும்.

2011ல நெக்டின்-4. இந்தத் தடவையும் ரெண்டு குழு. கனடாக் குழுவுல இருந்த கிறிஸ்டோபர் ரிச்சர்ட்சன் 1993 சிடி46 வேலையிலயும் இருந்தவர். பதினெட்டு வருஷம் கழிச்சு அதே ஆள் அடுத்த கதவையும் கண்டுபிடிச்சிருக்காரு, அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை.

மார்ச் 8, கொஞ்ச நேரம் கழிச்சு

'காத்துப்பக்கம் புடிச்சுக்க எதுவும் இல்ல'ன்னு முதல் நாள் எழுதினதை இளக்கிக்கிறேன். லேப்ல மனுஷ மூச்சுக்குழாய் செல்லை அடுக்கா வளர்த்து மேலேர்ந்து வைரஸை விட்டா கொஞ்சமே கொஞ்சம் உள்ள போகும், அடியிலேர்ந்து விட்டா நல்லாப் போகும். அடுக்கு சிதைஞ்சு பக்கவாட்டு வெளிய தெரிஞ்சா மேலேர்ந்தும் போகலாம். அதனால சுத்தமா இல்லேன்னு சொல்லாம, நல்லா இருக்கிற உள்பூச்சுல அது முக்கிய வழி இல்லேன்னு வெச்சுக்கோங்க.

மார்ச் 11

'வெளிப்படலத்துலயே'ங்கிறதை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல. எஃப்புக்குப் புளிப்பு வேண்டாம். வைரஸ் புடிச்ச செல்லு தன் மேல்தோல்லயே ஹெச்சையும் எஃப்பையும் காட்டிக்கிட்டு நிக்கும். பக்கத்து செல்லுல ஸ்லாம் இருந்தா, வைரஸே நடுவுல வேண்டாம், செல்லும் செல்லும் கலந்துடும். நான் மைக்ரோஸ்கோப்புல பாத்த திராட்சைக்கொத்து அதுதான். நோயாளிங்க டான்சில்லயும் இப்படிப்பட்ட ராட்சச செல்லுங்களை 1931லயே வார்தின் ஒரு பக்கம், ஃபின்கெல்டே ஒரு பக்கம் பாத்து எழுதி வெச்சிருக்காங்க, ரெண்டு பேர் பேரும் அந்தச் செல்லுக்கு ஒட்டிக்கிச்சு.

ஒரு காலத்துல மூச்சுக்குழாய்லயும் இப்படிக் கலந்துதான் பரவும்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்ல. அங்க செல்லோட எல்லை அப்படியே இருக்கு. ஒட்டியிருக்கிற பக்கவாட்டுல சின்ன துவாரம் விழுந்து, அது வழியா வைரஸோட ஆர்என்ஏ பொட்டலம் பக்கத்து வீட்டுக்குப் போகுது. ஒரே வைரஸ், ஒரே ஹெச், ஒரே எஃப், ஆனா ஃபிளாஸ்க்குல பண்றது வேற, உடம்புல பண்றது வேற. வெரோவைப் பாத்து எடுத்த எந்த முடிவையும் இப்பெல்லாம் நான் ரெண்டாவது தடவை யோசிக்காம விடறதில்ல.

மார்ச் 12

இந்தக் கதவு விஷயம் சும்மா மூலக்கூறு கதைன்னு நினைக்காதீங்க. நோய் நடந்துக்கிற விதமே இதுலேர்ந்துதான் வருது.

தொத்தின நாள்லேர்ந்து ஒரு பத்து நாள் ஒண்ணுமே தெரியாது. அந்தப் பத்து நாள் வைரஸ் நிணநீர் முடிச்சுல இருக்கு. தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாலேர்ந்தே அடுத்தவங்களுக்குத் தொத்தும், அதாவது வெளிய போற வாசல் திறந்தாச்சு. அந்த வாசல் இருக்கிற எடம் மூச்சுக்குழாயோட மேல்பகுதி, இருமினா நேரா காத்துல. ஒருத்தர்கிட்டேர்ந்து 12லேர்ந்து 18 பேருக்குப் பரவும்னு சொல்ற கணக்கு இதனாலதான் சாத்தியமாகுது.

இன்னொண்ணு இதைவிட மனசைப் போட்டுப் பிசையும். ஸ்லாம் நிறைய இருக்கிறது நினைவு செல்லுங்கள்ல. முன்னால வந்த கிருமியையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கிற பி, டி செல்லுங்க. வைரஸ் அதையே தேடித்தேடி உள்ள போகுது. 1908லயே வியன்னாவுல பிர்கே, காசநோய்த் தோல் பரிசோதனைக்கு நல்லா வினை காட்டின குழந்தைங்க தட்டம்மை வந்தப்போ அதைக் காட்டாமப் போறதைப் பாத்திருக்காரு. 2019ல நெதர்லாந்துல தடுப்பூசி போடாத 77 குழந்தைங்களோட ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னாலயும் பின்னாலயும் பாத்தாங்க. மத்த கிருமிங்களுக்கு எதிரா இருந்த ஆன்டிபாடி வகைகள்ல 11லேர்ந்து 73 சதவீதம் வரைக்கும் போயிருந்துச்சு. தட்டம்மைக்கு மட்டும் ஆயுசுக்கும் எதிர்ப்பு வந்துடும், மத்ததுல ஒரு பங்கு அழிஞ்சு கிடக்கும். 'வந்துட்டுப் போனா நல்லது, உடம்பு பலமாகும்'னு யாராவது சொன்னா இந்த ஒரு கணக்கைக் காட்டுங்க.

மார்ச் 12, திரும்ப

தடிப்பு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டீங்க. தோல் செல்லுலயும் நெக்டின்-4 இருக்கு, ரத்தத்துல வர்ற வெள்ளணு வழியா வைரஸ் அங்கயும் போகுது. ஆனா சிவந்து தடிக்கிறது, டி செல்லுங்க வந்து அந்த செல்லுங்களை அழிக்கிறப்போதான். டி செல் பலவீனமா இருக்கிறவங்களுக்குத் தடிப்பே வராம நோய் முத்திடலாம், அதுதான் ஆபத்து.

மார்ச் 15

ஸ்லாமும் இல்ல நெக்டின்-4ம் இல்ல, அப்புறம் மூளைக்குள்ள எப்படிப் போகுது? எஸ்எஸ்பிஇ பத்திக் கேட்டவருக்கு. சின்ன வயசுல தட்டம்மை வந்து போய், பல வருஷம் கழிச்சு மூளை மெல்ல மெல்லச் சிதையுற நோய் அது, உயிரைக் காப்பாத்த வழி இன்னும் இல்ல.

நரம்பு செல்லுல ரெண்டு கதவும் கிடையாது. அங்க கிடைக்கிற வைரஸ்ல எஃப் மாறியிருக்கு, ஸ்ப்ரிங்கை இளக்கமா கட்டின மாதிரி, லேசாத் தொட்டாலே விட்டுக்கும். மார்ச் 4ல 'சரியான கதவு வர்ற வரைக்கும் விட்டுக்கவே கூடாது'ன்னு எழுதினேன்ல, இங்க அந்தக் கட்டுப்பாடு போயிடுச்சு. 2021ல யனாகி குழுதான் அடுத்த துப்பும் குடுத்தாங்க. நரம்பு செல்லு மேல சிஏடிஎம்1, சிஏடிஎம்2னு ரெண்டு புரோட்டீன் இருக்கு. அது ஹெச் இருக்கிற அதே செல்லு மேல, பக்கத்துல நின்னே ஹெச்சைத் தொட்டு, அந்த இளக்கமான எஃப்பைத் தூண்டிவிடுது. எதிர்ல ரிசப்டர் இருக்கணும்னே இல்ல. படிச்சப்போ ரெண்டு தடவை திருப்பிப் படிச்சேன், ஏன்னா ரிசப்டர்னா எதிர்வீட்டுல இருக்கிறதுன்னு என் மனசுல அப்படி ஊறிப்போயிருந்துச்சு.

மார்ச் 16

1954ல எடுத்த வைரஸ்லேர்ந்து வந்த தடுப்பூசி இன்னைக்கும் எப்படி வேலை செய்யுது, இன்ஃப்ளூயன்சாவுக்கு அடிக்கடி மாத்துறாங்களேன்னு ஒருத்தர். ஹெச்சோட தலையில பெரும்பகுதியைச் சர்க்கரைச் சங்கிலி மூடியிருக்கு, திறந்து கிடக்கிறது ஸ்லாமையும் நெக்டினையும் புடிக்கிற பக்கம். ஆன்டிபாடி போய் ஒட்டுறதும் அந்தப் பக்கம்தான். ஆன்டிபாடிகிட்டேர்ந்து தப்பிக்க அந்த எடத்தை மாத்தினா கதவைப் புடிக்கிற கையும் போயிடும். ரெண்டு கதவை ஒரே கையால புடிக்கிற வைரஸுக்கு அசைய எடம் இல்ல.

மார்ச் 19

கடைசியா வந்த கேள்வி, நெக்டின்-4ஐ அடைச்சுட்டா தட்டம்மையை நிறுத்திடலாமா? 2008 குரங்குங்களைத் திரும்ப நினைச்சுப் பாருங்க, அதுங்களுக்கு அந்தக் கதவு கண்ணுக்குத் தெரியாத வைரஸ்தான் போச்சு. நோய் வந்துச்சு, வைரஸ் மட்டும் வெளிய வரல. அதனால அடைச்சா பக்கத்துல இருக்கிறவங்க தப்பிப்பாங்க, நோய் வந்தவருக்கு ஒரு பலனும் இருக்காது. ஸ்லாமை அடைக்கலாம்னா அது டி செல்லுக்கு வேணும்கிற புரோட்டீன்.

நெக்டின்-4க்கு வேற எடத்துல வேலை கிடைச்சிருக்கு. சிறுநீர்ப்பை, மார்பகம், நுரையீரல், சினைப்பைப் புற்றுகள்ல பலதுல அது எக்கச்சக்கமா இருக்கும், பக்கவாட்டுல ஒளிஞ்சில்லாம செல்லு பூரா. நெக்டின்-4ஐத் தேடிப் போய் மருந்தை இறக்கிற ஆன்டிபாடி, என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின், சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 2019லேர்ந்து அமெரிக்காவுல அனுமதியோட இருக்கு. தடுப்பூசி வகைத் தட்டம்மை வைரஸையே புற்றுக்கட்டிக்குள்ள அனுப்பிப் பாக்குற ஆராய்ச்சியும் ஓடுது, அது நெக்டின்-4, சிடி46 ரெண்டையும் புடிக்கும், சிடி46ம் பல கட்டிங்கள்ல கூடுதலா இருக்கு. நான் முதல் நாள் விட்டுடுங்கன்னு சொன்ன அதே சிடி46.

வெரோ-ஸ்லாம் செல்லு வளர்க்கிறவங்களுக்கு ஒண்ணு. ஸ்லாம் ஜீன் போட்ட செல்லை மட்டும் பொழைக்க விடுற ஜெனட்டிசின்ங்கிற மருந்தைப் போட்டு வளர்க்கலேன்னா தலைமுறை தலைமுறையா ஸ்லாம் இல்லாத செல்லு ஜெயிச்சுக்கிட்டு வரும். ஃபிளாஸ்க் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். தெரிஞ்ச பாசிட்டிவ் வைரஸ் ஒண்ணைப் பக்கத்துல ஒரு குழியில போட்டு, திட்டு வருதான்னு பாத்துட்டு, அப்புறம் 'கிடைக்கவில்லை'ன்னு எழுதுங்க.